எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவருக்கு ஆராய்ச்சி எதற்கு?

உங்கள் மகள் எம்.டி. பொது மருத்துவம் இறுதியாண்டில் இருக்கிறார். இரைப்பை குடல் மருத்துவத்தில் டி.எம். என்ற உயர்சிறப்புப் பட்டம் முடித்த பிறகு தனியார் மருத்துவமனைக்குப் போகாமல் மருத்துவக் கல்லூரியிலேயே ஆசிரியராக இருந்து ஆராய்ச்சி செய்யப் போவதாகச் சொல்கிறார். எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவருக்கு ஆராய்ச்சி எதற்கு, இவர்கள் எதைத்தான் ஆராய்கிறார்கள், அதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வருமானத்தைப் பற்றிய கேள்வியாக அது எழுதப்பட்டிருந்தாலும், பதினோரு ஆண்டுகளுக்கு மேல் படித்துவிட்டு மகள் ஒரு கானல் நீரின் பின்னால் போய்விடுவாரோ என்ற கவலையே உங்களைக் கேட்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் இதே துறையில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன்; டி.எம். மாணவர்கள் பலருடைய தீசிஸுக்கு, அதாவது ஆய்வேட்டுக்கு, வழிகாட்டியவன். வேலை நாளைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் நான் சொல்பவை என் அனுபவத்துக்கும் என்னுடன் படித்தவர்களின் அனுபவத்துக்கும் உட்பட்டவை. ஆராய்ச்சிகளைப் பற்றிச் சொல்பவை அச்சில் வந்து பலரால் சரிபார்க்கப்பட்டவை.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறேன். எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, நீட் சூப்பர் ஸ்பெஷாலிட்டி தேர்வு எழுதி இடம் கிடைத்தால் டி.எம். மூன்று ஆண்டு. அதன் பிறகு உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்ற ஏணி. கல்லூரியில் வேலை என்றால் வாரத்தில் சில நாள் ஓ.பி., சில நாள் எண்டோஸ்கோபி, தினமும் வார்டு ரவுண்ட்ஸ், மாணவர்களுக்கு வகுப்பு, தேர்வு வேலை, நள்ளிரவில் ரத்த வாந்தியுடன் வரும் நோயாளிக்காக எழுந்து ஓடுவது என்று எல்லாம் சேர்ந்ததுதான். இந்தப் பட்டியலில் ஆராய்ச்சிக்கென்று தனி நேரம் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அமெரிக்காவில் உள்மருத்துவத்தில் மூன்று ஆண்டும் இத்துறையில் மூன்று ஆண்டும் பயிற்சி முடித்து ஆராய்ச்சிக்குப் போக விரும்புகிறவருக்கு, அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனம் 'கே' வரிசை நிதி என்று ஒன்றைத் தருகிறது. அதைப் பெறுபவர் தம் வேலை நேரத்தில் முக்கால் பங்கை ஆராய்ச்சிக்கே ஒதுக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. நம் நாட்டில் 2008இல் தொடங்கிய வெல்கம் டிரஸ்ட் - உயிரித் தொழில்நுட்பத் துறை கூட்டமைப்பு, மருத்துவர்களுக்கென்றே ஆராய்ச்சி நல்கை தருகிறது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்.) திட்டங்களுக்குப் பணம் தருகிறது. ஆனாலும் பெரும்பாலான கல்லூரிகளில் ஆராய்ச்சி என்பது பணி முடிந்த பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் நடக்கிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இனி, எதை ஆராய்கிறார்கள் என்ற கேள்வி. இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் காஷ்மீர். 1978 நவம்பரில் அங்கே கிராமம் கிராமமாக மஞ்சள் காமாலை பரவத் தொடங்கியது. ஸ்ரீநகரில் பணியாற்றிவந்த முகமது சுல்தான் குரூ என்ற இளம் இரைப்பை குடல் மருத்துவர், நோயாளிகள் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் ஊர் ஊராகப் போய் வீட்டுக்கு வீடு கணக்கெடுத்தார். குடிநீர் வழியே பரவும் காமாலை என்றால் ஹெப்படைட்டிஸ் ஏ என்றுதான் அன்று எல்லோரும் எண்ணுவார்கள். ஆனால் ஏ வகை பெரும்பாலும் சிறுவர்களைப் பிடிப்பது. இங்கே விழுந்தவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர். அதைவிட மனத்தை உலுக்கிய செய்தி, கர்ப்பிணிகள், குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில் இருந்தவர்கள், கல்லீரல் செயலிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். சேகரித்த ரத்த மாதிரிகளைச் சோதித்தபோது அது ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை என்று தெரிந்தது. ரத்தம் ஏற்றுவதால் பரவும் வகையிலிருந்தும் வேறுபட்ட, இதுவரை அறியப்படாத ஒரு வைரஸ் இருக்கக்கூடும் என்று 1980இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் அவர் எழுதினார். அந்த வைரஸின் மரபணு 1990இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது. இன்று அதன் பெயர் ஹெப்படைட்டிஸ் ஈ. வைரஸைக் கண்ணால் பார்க்கும் கருவி எதுவும் அவரிடம் இல்லை. யார் நோயுற்றார்கள், எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள், யார் இறந்தார்கள் என்ற கணக்குதான் இருந்தது.

அவருடைய பிற்காலக் கட்டுரைகளையும் பார்த்தால் நான் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும். பித்தக்குழாயிலும் கணையக்குழாயிலும் நாக்குப்பூச்சி நுழைந்து நோயாளியைத் துடிக்க வைப்பது காஷ்மீரில் அன்று சாதாரணம். அதைப் பற்றி எழுதினார். ஆடு மேய்க்கும் நிலத்தில் நாயிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நாடாப்புழுவால் கல்லீரலில் நீர்க்கட்டி உண்டாகும். அதை வயிற்றைத் திறக்காமல் தோல் வழியே ஊசி செலுத்தி வடிப்பதை அறுவைச் சிகிச்சையோடு ஒப்பிட்டு 1997இல் வெளியிட்டார். அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு, ரத்தம் கசியும் வயிற்றுப்புண்ணுக்கு ஒமெப்ரசோல் மாத்திரையை வாய்வழியே கொடுப்பது. 220 நோயாளிகளில் பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. மருந்து பெற்ற 110 பேரில் 12 பேருக்கும், பெறாத 110 பேரில் 40 பேருக்கும் ரத்தக்கசிவு தொடர்ந்தது அல்லது திரும்பியது. பீய்ச்சி அடிக்கும் ரத்தக்கசிவில் மருந்து பலன் தரவில்லை என்பதையும் அதே கட்டுரை சொல்லியது. எண்டோஸ்கோபி வழியே ஊசி போட்டு ரத்தத்தை நிறுத்தும் வசதி எட்டாத ஊர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்பதை, அப்படிப்பட்ட ஊரில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். கெட்ட தண்ணீர், நாக்குப்பூச்சி, ஆட்டு மந்தை, வசதியற்ற மருத்துவமனை ஆகிய நான்கும் அவர் தேடிப் போனவை அல்ல, வாசலுக்கு வந்தவை. இத்துறையில் நல்ல ஆராய்ச்சி ஆர்வம் என்பது பெரும்பாலும் இப்படித்தான், தன் வார்டில் திரும்பத் திரும்பக் கண்டு விளங்காமல் போன ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நம் வேலூரும் இதற்குச் சாட்சி. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஒருவகை வயிற்றுப்போக்கு கொள்ளைநோய் போலப் பரவியது; உண்ட உணவு உடலில் ஒட்டாமல் மெலிந்து போவார்கள். ஸ்ப்ரூ என்று அதற்குப் பெயர். கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் அவருடன் பணியாற்றிய வி.ஐ. மாத்தனும் இதைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அன்று சிறுகுடலின் உட்புறத்தைப் பார்க்க இன்றைய எண்டோஸ்கோபி கிடையாது. மெல்லிய குழாயின் நுனியில், பெரிய மாத்திரை அளவில் ஓர் உலோகக் கூடு இருக்கும். நோயாளி அதை விழுங்க வேண்டும். அது இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போய்ச் சேரும் வரை மணிக்கணக்கில் காத்திருந்து, எக்ஸ்ரேயில் இடத்தை உறுதி செய்துகொண்டு, வெளியே இருக்கும் குழாய் முனையில் சிரிஞ்சைப் பொருத்தி இழுப்பார்கள். கூட்டின் பக்கவாட்டுத் துளைக்குள் குடலின் உட்படலம் சிறிது உறிஞ்சப்பட, உள்ளே இருக்கும் கத்தி சட்டென்று சுழன்று அரிசி மணி அளவு துணுக்கை வெட்டிக்கொள்ளும். அந்தத் துணுக்கை உருப்பெருக்கியில் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. பாடநூல்களில் குடலுறிஞ்சிகள், அதாவது உணவுச் சத்தை உறிஞ்சும் நுண் நீட்சிகள், விரல் விரலாக நிற்கும்; இங்கேயோ, நோயே இல்லாத கிராமத்து மனிதருக்கும் அவை இலை போலத் தட்டையாகவும் வரப்பு போல ஒன்றோடொன்று சேர்ந்தும் இருந்தன. இலண்டனிலோ நியூயார்க்கிலோ வகுத்த 'இயல்பு' என்ற அளவுகோல் இங்கே பொருந்தாது என்பதை அந்தத் துணுக்குகள் காட்டின. இதைப் படித்த நாளிலிருந்து, எந்த ஆய்வுக்கும் முதலில் நோயற்ற நம் மக்களைச் சோதித்தீர்களா என்று மாணவர்களைக் கேட்பது என் வழக்கமாகிவிட்டது.

அதே வேலூரில் பி.எஸ். ராமகிருஷ்ணா செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். வாந்திபேதிக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் உயிரைக் காக்கும், ஆனால் பேதியின் அளவைக் குறைக்காது. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும் ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்தால், அங்குள்ள பாக்டீரியா அதை நொதிக்க வைத்துக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அவை பெருங்குடலைத் தூண்டி உப்பையும் நீரையும் மீண்டும் உறிஞ்ச வைக்கும். இந்த எண்ணத்தைக் காலரா நோயாளிகள் 48 பேரிடம், மூன்று பிரிவாக, சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். மாவுச்சத்து சேர்த்த பிரிவில் பேதியின் அளவும் குறைந்தது, நாளும் குறைந்தது. ஆற வைத்த சோற்றிலும் இவ்வகை மாவுச்சத்து ஓரளவு கூடும் என்பது உண்மை. அதை வைத்துக்கொண்டு பழைய சோறு இன்னின்ன நோயைக் குணமாக்கும் என்று சொல்லிவிட முடியாது. காலராவில் கிடைத்த முடிவு காலராவுக்கு உரியது.

ஒரு கேள்வி எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதற்கு எம்.கே. பான் நல்ல உதாரணம். டெல்லி எய்ம்ஸில் குழந்தைகளுக்கான இரைப்பை குடல் மருத்துவர் அவர். 1980களின் நடுவில், புதிதாகப் பிறந்த குழந்தைகள் இருந்த வார்டில் ரோட்டா வைரஸ் தொற்றியும் பேதி வராத குழந்தைகளை அவரும் உடன் பணியாற்றியவர்களும் கவனித்தார்கள். அந்த வைரஸ் வகையிலிருந்தே தடுப்பு மருந்து செய்யலாமா என்று தொடங்கிய வேலை, டெல்லி, புனே, வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் நடந்த சோதனையாக வளர்ந்து, 2014இல் முடிவு வெளியாகி, 2016இல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்துக்குள் வந்தது. 30 ஆண்டுகள். உங்கள் மகள் வாழ்நாளில் நான்கைந்து கேள்விகளுக்கு மேல் உண்மையாகத் தொடர முடியாது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

இதற்கு நேர்மாறான, தெளிவாக முடியாத கதை ஒன்றும் உண்டு; அது நம் வீட்டுக் கொல்லைக் கதை. காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி. தியாகராஜனும், ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் சேர்ந்து, இக்கிருமியை உடலில் நீண்டகாலம் சுமப்பவர்களிடம் கீழாநெல்லியைச் சோதித்தார்கள். 1988இல் வந்த முடிவின்படி 30 நாள் மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் வேறு குழுக்கள் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி விளைந்த மண், பறித்த பருவம், இனம், பதப்படுத்திய முறை என்று பல காரணங்கள் சொல்லப்பட்டன, எதுவும் நிறுவப்படவில்லை. ஏ வகையும் ஈ வகையும் பெரும்பாலோருக்குத் தாமாகவே சில வாரங்களில் தணிந்துவிடும் என்பதால், எந்த மூலிகை கொடுத்தாலும் அதற்கே பெயர் கிடைக்கும். நோயாளி கீழாநெல்லி சாப்பிட்டதைச் சொன்னால் நான் கடிந்துகொள்வதில்லை. ஆனால் ஹெப்படைட்டிஸ் பி உள்ளவர் வைரஸுக்கு எதிரான மாத்திரையை நிறுத்திவிட்டு அதை மட்டும் நம்பினால் தடுத்தே தீருவேன். முதல் முடிவு எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் இரண்டாவது ஊரில், இரண்டாவது கையில் அது நிற்கிறதா என்று பார்ப்பதும் கல்லூரி மருத்துவரின் வேலைதான். அந்த வேலைக்குப் பரிசு கிடைப்பதில்லை, ஆனால் அது இல்லாமல் மருத்துவம் நடக்காது.

இன்றைய ஆர்வங்களைச் சுருக்கமாகச் சொன்னால், கொழுப்புக் கல்லீரல், குடல் அழற்சி நோய்கள், கணைய அழற்சி, எண்டோஸ்கோபி வழியே செய்யும் நுண் அறுவைகள், குடல் நுண்ணுயிர்கள் ஆகியவற்றைச் சுற்றித்தான் பெரும்பாலோர் இருக்கிறார்கள். இதில் குடல் நுண்ணுயிர் ஆராய்ச்சியைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு கிளாஸ்டிரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவால் திரும்பத் திரும்ப வரும் பேதிக்கு, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலுள்ள நுண்ணுயிர்களைச் செலுத்துவது பலன் தரும் என்பது 2013இல் வந்த ஒரு சோதனையிலிருந்து உறுதியாகத் தெரியும். மனச்சோர்வு, உடல் பருமன், சர்க்கரை நோய் என்று மற்ற எல்லாவற்றுக்கும் அதைக் காரணம் காட்டுவதில் பெரும்பகுதி இன்னும் ஊகம்தான்.

என் துறையில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். எண்டோஸ்கோபி அறை வாசலில் நீல அட்டை போட்ட நீளமான பதிவேடு ஒன்று இருக்கும். தேதி, பெயர், வயது, ஊர், மது, கண்டது என்று கட்டங்கள். டி.எம். மாணவி ஒருவர் அதில் ஒன்றைக் கவனித்தார். உணவுக்குழாயில் ரத்தநாளங்கள் புடைத்து ரத்தம் கக்கி வருகிறவர்களில், குடிப்பழக்கமே இல்லாத, கல்லீரல் சுருங்காத இளைஞர்கள் அவ்வப்போது வந்தார்கள். கல்லீரலுக்குள் நுழையும் சிறு நாளங்கள் தடித்துப்போகும் ஒரு நோய் நம் நாட்டில் ஏழைகளிடம் அதிகம் காணப்பட்டது. இது அதுதானா, எந்தப் பகுதியிலிருந்து அதிகம் வருகிறார்கள் என்று அறிய அவர் ஆசைப்பட்டார். பத்து ஆண்டுப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம் மாலை வேளைகளில் உட்கார்ந்தார். பக்கம் பக்கமாக மது என்ற கட்டம் காலியாக இருந்தது. ஊர் என்ற கட்டத்தில் மாவட்டத்தின் பெயர் மட்டுமே இருந்தது. அவர் நினைத்த தீசிஸை எழுத முடியவில்லை. அந்தக் கட்டங்களை நிரப்பாமல் விட்டவர்களில் நானும் ஒருவன் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மறுவாரமே அவர் புதிய படிவம் ஒன்றை வரைந்து கொண்டுவந்தார்: எவ்வளவு மது, எத்தனை ஆண்டு, எந்த ஊராட்சி, குடிநீர் எங்கிருந்து, மண்ணீரல் எவ்வளவு பெரிது. அவருக்குப் பிறகு வந்த இரண்டு மாணவர்கள் அந்தப் படிவத்திலிருந்துதான் தங்கள் தீசிஸை எழுதினார்கள். வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் துறையில் நடந்த மிக நல்ல ஆராய்ச்சி வேலை எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல் பயிற்சி மருத்துவராக இருந்தபோது செய்ததும் ஒருவகையில் பயிற்சிக் காலத்து வேலைதான். இரைப்பையில் வளைந்த கிருமிகள் இருப்பதாக நோயியல் அறிஞர் ராபின் வாரன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு 100 நோயாளிகளின் பயாப்ஸியை, அதாவது இரைப்பையிலிருந்து எடுத்த துணுக்குகளை, ஒழுங்காகச் சேகரித்தார். இரண்டு நாளில் தூக்கி எறியப்பட்டுவந்த கிருமி வளர்ப்புத் தட்டுகள் 1982 ஈஸ்டர் விடுமுறையில் கூடுதல் நாட்கள் அப்படியே இருந்துவிட, அவற்றில் முதன்முதலாக, வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமி முளைத்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. கிருமியை மார்ஷல் குடித்துக் காட்டிய கதையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த 100 பேரின் கணக்கு இல்லாவிட்டால் குடித்ததற்கு மதிப்பே இருந்திருக்காது.

பணத்துக்கு வருகிறேன். இதே டி.எம். பட்டத்தோடு பெரிய தனியார் மருத்துவமனையில் சேர்பவர், அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியரைவிடப் பல மடங்கு சம்பாதிப்பார். இதை மறைக்க ஒன்றுமில்லை. கல்லூரிச் சம்பளத்தில் ஒரு குடும்பம் கௌரவமாக வாழலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்குப் பிறகு தனியே மருத்துவம் பார்க்கலாம் என்பதால் பலர் மாலையில் கிளினிக் வைத்துக்கொள்கிறார்கள். எய்ம்ஸ் போன்ற மத்திய நிறுவனங்களில் அதற்கு அனுமதி இல்லை, பதிலாக ஒரு படி தருகிறார்கள். வருமானத்துக்கு மாலை கிளினிக் உதவும், ஆராய்ச்சிக்குரிய நேரத்தை எடுத்துக்கொள்வதும் அதுதான். இன்னொரு தொல்லை, பதவி உயர்வுக்கு இத்தனை கட்டுரை வேண்டும் என்ற விதி. எண்ணிக்கைக்காக எழுதப்படும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. உங்கள் மகள் அந்த வரிசையில் நிற்க நேரும். அதோடு தனக்கென்று ஒரு கேள்வியையும் வைத்துக்கொள்ளட்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இது. அவர் அரசுப் பணியில் இருந்தால், தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் சூப்பர் ஸ்பெஷாலிட்டி இடங்களில் பாதி பணியிலுள்ள மருத்துவர்களுக்கு ஒதுக்கப்படுவதையும், 2022இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதிக்க மறுத்ததையும் கணக்கில் கொள்ளுங்கள்; கலந்தாய்வுக்கு முன் அந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்துவிடுங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எண்டோஸ்கோபி எண்ணிக்கையை மட்டும் பார்க்க வேண்டாம். அந்தத் துறையின் கடந்த ஐந்தாறு ஆண்டு தீசிஸ் தலைப்புகளைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஒரு மாணவர் விட்ட இடத்திலிருந்து அடுத்தவர் தொடர்ந்திருந்தால் அங்கே யாரோ ஒருவர் ஒரு கேள்வியைக் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்று பொருள். பிறகு அங்கு படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம், பயாப்ஸி துணுக்கை நோயியல் துறைக்கு யார் எடுத்துப் போகிறார்கள், முடிவை உட்கார்ந்து சேர்ந்து பார்க்கிறீர்களா, காகிதத்தில் வருவதை ஒட்டி வைத்துவிடுகிறீர்களா என்று கேட்கச் சொல்லுங்கள். அப்படியே எண்டோஸ்கோபி அறைப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும்.